கடிகாரம் சொல்லும் முகவரி

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் நிலநடுக்கச் செய்தியில் நாலு விவரம் இருக்கும். எத்தனை மணிக்கு, எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை, தரைக்குக் கீழே எத்தனை கிலோமீட்டர். படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த நாலில் ஒன்றைக்கூட யாரும் நேரில் பார்த்து எழுதவில்லை. பார்க்கவும் முடியாது. மனிதர்கள் தோண்டியதிலேயே மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-ல் துளைக்கத் தொடங்கி, 1989-ல் 12 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி. நிலநடுக்கங்களோ சுமார் 700 கிலோமீட்டர் ஆழம்வரை பிறக்கின்றன.

ஆக, நாலு எண்களும் கணக்குப் போட்டு வந்தவை. கணக்குக்குக் கையில் இருக்கும் சரக்கு மிகவும் கொஞ்சம்: எந்தெந்த ஊரில் தரை எந்தெந்த நொடியில் அதிர ஆரம்பித்தது என்ற நேரக் குறிப்புகள். அந்த நேரங்களிலிருந்து இடத்தை எப்படி வரவழைக்கிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம். வழி எளிதுதான். ஆனால் அதன் அடியில் ஒரு சிக்கல் படுத்திருக்கிறது. அலை என்ன வேகத்தில் வரும் என்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லலாம். எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால்தான் அதன் வேகத்தைச் சொல்லலாம். இரண்டும் தெரியாத நிலையில் தொடங்கி, ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தித் திருத்தி, நூறாண்டுக்கும் மேலாக இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் திருத்தத்தில் கிடைத்ததுதான்.

போட்ஸ்டாமில் ஒரு கலக்கம்

1857-ல் தெற்கு இத்தாலியை உலுக்கிய நேப்பிள்ஸ் நிலநடுக்கத்தின் மையத்தைத் தேடி ராபர்ட் மாலெட் என்ற ஐரிஷ் பொறியாளர் இடிந்த ஊர்களுக்கெல்லாம் நேரில் போனார். சுவர்கள் எந்தப் பக்கம் விரிசல் விட்டிருக்கின்றன, தூண்கள் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன என்று அளந்து, அந்தத் திசைகளைப் படத்தில் பின்னோக்கி நீட்டினார். கோடுகள் கூடிய இடத்தை மையம் என்றார். அந்தக் காலத்துக்கு அது அபாரமான வேலை. ஆனால் இடிய வீடும், நடக்க நிலமும் இருந்தால்தான் நடக்கும் வேலை. கடலுக்கடியில் நிலம் நடுங்கினால் மாலெட்டின் வழி செல்லாது.

வேறு வழியைத் திறந்துவிட்டவர் நிலநடுக்கத்தைத் தேடாத ஒருவர். எர்ன்ஸ்ட் வான் ரெபூர்-பாஷ்விட்ஸ் ஜெர்மானிய வானியலாளர். தரையின் மிக நுண்ணிய சாய்வுகளை அளப்பதற்காகக் கிடைமட்ட ஊசல் கருவிகளைச் செய்து, ஒன்றைப் போட்ஸ்டாமிலும் மற்றொன்றை வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலும் வைத்திருந்தார். ஊசலின் அசைவு ஒளிப்படத் தாளில் கோடாகப் பதியும். 1889 ஏப்ரலில் இரண்டு ஊர்த் தாள்களிலும் ஒரே வேளையில் கோடு கலங்கியிருந்தது. உள்ளூரில் யாரும் எதையும் உணரவில்லை. பிறகு டோக்கியோவில் நிலநடுக்கம் ஏற்பட்டதாக வந்த செய்தியைப் பார்த்தபோது நாளும் நேரமும் பொருந்தின. அதிர்வு சுமார் 9,000 கிலோமீட்டர் தள்ளி ஜெர்மனிவரை வந்திருந்தது. அந்த ஆண்டே நேச்சர் இதழில் இதை அவர் எழுதினார். உலகின் ஒரு மூலையில் நடுங்கினாலும் மறுமூலையில் உட்கார்ந்து பதிவு செய்யலாம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த அடி இந்தியாவிலிருந்து வந்தது. 1897 ஜூன் 12 அன்று ஷில்லாங் பீடபூமியை மையமாகக் கொண்டு எழுந்த பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம். இத்தாலி முதலிய இடங்களில் விழுந்த பதிவுகளைச் சேகரித்து வரிசைப்படுத்தியபோது, எல்லாத் தாள்களிலும் ஒரே ஒழுங்கு தெரிந்தது. முதலில் ஒரு சிறு நடுக்கம், சற்றுப் பொறுத்து இன்னொரு நடுக்கம், கடைசியாக நெடிய பெரிய அலைகள். ஒரே நிலநடுக்கத்திலிருந்து மூன்று வகை அலைகள் வெவ்வேறு வேகத்தில் புறப்படுகின்றன என்று 1900-ல் அவர் தெளிவாகக் காட்டினார். இதே நிலநடுக்கத்தின் விளைவாகத்தான் இந்தியாவின் முதல் நில அதிர்வு நிலையம் 1898 டிசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரிலும், அடுத்த ஆண்டில் பம்பாயிலும் கொடைக்கானலிலும் தலா ஒன்றும் ஏற்பட்டன.

இடைவெளியில் இருக்கும் தூரம்

முதலில் வருவதைப் பி அலை என்கிறோம். பாறை அலை போகும் திசையிலேயே நெருங்கி விலகும். அடுத்து வருவது எஸ் அலை. இதில் பாறை குறுக்கே அசையும். நெருக்குவதைத் தாங்கி எதிர்க்கும் பொருள் எதுவானாலும் பி அலை அதற்குள் போகும், நீரிலும் போகும். எஸ் அலைக்கோ வடிவம் குலையாமல் நிற்கும் பொருள் வேண்டும். திரவத்துக்குள் அது நுழையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நம் காலடியில் உள்ள மேலோட்டில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகிறது. எஸ் அலை 3.4 கிலோமீட்டர்தான்.

எக்ஸ்பிரஸ் ரயிலும் பாசஞ்சர் ரயிலும் ஒரே நிலையத்தில் ஒரே நொடியில் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் இரண்டும் அடுத்தடுத்து வரும். தூரத்து ஊரில் எக்ஸ்பிரஸ் போய் மணிக்கணக்கான பிறகுதான் பாசஞ்சர் வரும். எத்தனை மணிக்குப் புறப்பட்டன என்று தெரியாதவர்கூட, இரண்டுக்கும் நடுவே தாம் காத்திருந்த நேரத்தை வைத்துப் புறப்பட்ட நிலையம் எவ்வளவு தொலைவு என்று சொல்லிவிடலாம். நிலநடுக்கக் கணக்கில் பாதி இவ்வளவுதான்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். 8 கிலோமீட்டரைக் கடக்கப் பி அலைக்கு 1.33 நொடி ஆகிறது. எஸ் அலைக்கு ஏறக்குறைய 2.35 நொடி. அதாவது ஒவ்வொரு 8 கிலோமீட்டருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு நொடி கூடுகிறது. ஆகவே இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நொடிகளை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வந்துவிடும். ஜப்பானின் ஃபுசாகிச்சி ஓமோரி இத்தகைய வாய்பாட்டைத் தம் நாட்டு நிலநடுக்கங்களிலிருந்து வகுத்தார். பெருக்கும் எண் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். வாய்பாட்டின் வடிவம் மாறாது.

காகிதத்தில் இந்த நொடிகளை எண்ணுவது கண்ணுக்கு வேலை. 1960-களின் உலகத் தரநிலை நிலையங்களில் சுற்றும் உருளையில் தாள் நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் ஓடியது. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு நொடி. அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு சட்டென்று துள்ளும் இடம் பி அலை. அதைக் குறிப்பது பெரும்பாலும் சுலபம். எஸ் அலை வரும்போது பி அலை கிளப்பிவிட்ட அதிர்வு இன்னும் அடங்கியிருக்காது. அந்தக் கிறுக்கலுக்கு நடுவே கோடு எங்கே தடிமனாகிறது, ஆட்டம் எங்கே நிதானமாகிறது என்று பார்த்துத்தான் எஸ் அலையின் தொடக்கத்தைக் குறிக்க வேண்டும். அனுபவசாலிகள் இருவர் ஒரே தாளில் இரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளிப் புள்ளி வைப்பது சகஜம். அந்த இரண்டு மில்லிமீட்டர் தரையில் 16 கிலோமீட்டர்.

மூன்று வட்டங்கள்

இனி ஒரு பயிற்சி. சென்னை, சேலம், கொடைக்கானல் ஆகிய மூன்று இடங்களில் கருவிகள் இருக்கின்றன. ஓர் இரவு மூன்றும் அதிர்கின்றன. பி அலைக்கும் எஸ் அலைக்கும் இடைவெளி சென்னையில் 15 நொடி, சேலத்தில் 29, கொடைக்கானலில் 45 என்று வைத்துக்கொள்வோம்.

எட்டால் பெருக்கினால் சென்னையிலிருந்து 120 கிலோமீட்டர், சேலத்திலிருந்து 232, கொடைக்கானலிலிருந்து 360. தூரம் கிடைத்ததே தவிரத் திசை கிடைக்கவில்லை. ஆகவே சென்னையை மையமாக வைத்து 120 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுகிறோம். நிலநடுக்கம் அந்த வட்டத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சேலத்தை மையமாக வைத்து இரண்டாவது வட்டத்தைப் போட்டால் இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டுகின்றன. ஒன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில். மற்றொன்று சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில். ஒன்று கடல், மற்றது கரை. இரண்டு நிலையங்களை வைத்துக்கொண்டு எது என்று சொல்ல வழியே இல்லை.

தீர்ப்புச் சொல்வது கொடைக்கானல். சித்தூர்ப் பக்கமாக இருந்தால் கொடைக்கானலிலிருந்து தூரம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஆகும். இடைவெளி 50 நொடி வந்திருக்க வேண்டும். வந்ததோ 45. ஆகவே மையம் கடலில்தான். ஐந்து நொடி வித்தியாசத்தில் ஒரு மாநிலமே மாறிவிடுகிறது. எண்கள் பயிற்சிக்காகப் போட்டவை என்றாலும் இடம் கற்பனை அல்ல. 2001 செப்டம்பர் 25 இரவு சென்னைவரை மக்களை வீதிக்கு வரவைத்த 5.5 அளவு நிலநடுக்கம் புதுச்சேரிக் கடலில்தான் பிறந்தது.

இவ்வளவு நேரமும் நாம் ஒரு நேரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நிலநடுக்கம் தொடங்கிய நேரம். அதற்கு ஜப்பானின் கியூ வடாட்டி ஓர் அழகான வழி கண்டார். ஒவ்வொரு நிலையத்துக்கும் பி அலை வந்து சேர்ந்த நேரத்தைக் கிடைமட்ட அச்சிலும், இடைவெளியைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழுகின்றன. அந்தக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி, இடைவெளி பூஜ்யமாகும் இடத்தைப் பாருங்கள். இடைவெளி பூஜ்யம் என்றால் இரண்டு அலைகளும் இன்னும் பிரியவே இல்லை. அதாவது அது புறப்பட்ட கணம். நம் பயிற்சியில் சென்னைக்குப் பி அலை 8 மணி 10 நிமிடம் 20 நொடிக்கு வந்திருந்தால், கோடு 8 மணி 10 நிமிடத்தில் பூஜ்யத்தைத் தொடும். எங்கே நடந்தது என்று தெரிவதற்கு முன்பே எப்போது நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. அலைகளின் வேகமும் தனித்தனியே தெரிய வேண்டியதில்லை.

ஆனால் எல்லா நிலையங்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். இடைவெளியை எண்ண உள்ளூர்க் கடிகாரம் போதும். அது சில நொடி பிந்தி ஓடினாலும் பி, எஸ் இரண்டும் சேர்ந்தே பிந்தும். ஒரு நிலையத்தின் நேரத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது ஒரு நொடிப் பிசகு 6 கிலோமீட்டர்ப் பிசகு ஆகிறது. பழைய பதிவுகளை இன்று மறுகணக்குப் போடுகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது கடிகாரத்தைத்தான். வானொலியில் நேரக் குறிகள் வரத் தொடங்கிய பிறகு நிலைமை சீரானது. இப்போது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நிலையங்கள் அனைத்துக்கும் ஒரே நேரத்தைக் கொடுக்கின்றன.

அட்டவணை சொன்ன கதை

எட்டால் பெருக்கும் வாய்பாடு பக்கத்து நிலநடுக்கங்களுக்குத்தான். தூரம் இருநூறு கிலோமீட்டர் அளவைத் தாண்டினால் இழுக்கத் தொடங்கும். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஸாக்ரெப் நகரின் ஆந்த்ரியா மொஹொரோவிசிச். 1909 அக்டோபர் 8 அன்று குரோஷியாவின் கூப்பா பள்ளத்தாக்கில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பதிவுகளில், சில தொலைவுகளில் பி அலை ஒன்றுக்குப் பதில் இரண்டாக வந்திருந்தது. மேலோட்டின் வழியே நேராக வந்தது ஒன்று. மற்றது கீழே இறங்கி, வேகம் கூடிய வேறொரு பாறை அடுக்கில் ஓடி, மறுபடி மேலே ஏறி வந்தது. சுற்றி வந்தாலும் தூரம் கூடக்கூட இதுவே முந்திவிடுகிறது. மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லை இப்படித்தான் தெரியவந்தது. அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தூரத்து நிலநடுக்கங்களுக்கு ஒரே பெருக்கல் எண் உதவாது, அட்டவணை வேண்டும். இவ்வளவு தூரத்துக்குப் பி அலைக்கு இவ்வளவு நேரம், எஸ் அலைக்கு இவ்வளவு நேரம் என்று வரிவரியாக எழுதிய பட்டியல். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் எமில் வீகெர்ட்டும் அவருடன் பணியாற்றிய கார்ல் ஸோப்ரிட்ஸும் 1907-ல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். இந்த அட்டவணைகளில் தூரத்தைப் பாகையில் எழுதுவார்கள். ஒரு பாகை 111 கிலோமீட்டர். 30 பாகைக்குப் பி அலை ஆறு நிமிடத்தைச் சற்றுத் தாண்டி வரும். 60 பாகைக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். 90 பாகைக்கு 13 நிமிடம். தூரம் மூன்று மடங்கானபோது நேரம் இரண்டு மடங்கைத்தான் ஒட்டி நிற்கிறது. தூரத்துக்குப் போகும் அலை ஆழமாக இறங்கிப் போகிறது, ஆழத்தில் வேகம் கூடுதல். மூன்றே வரிகளில் பூமியின் உட்புறம் பற்றி இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

அட்டவணை பொருந்தாத இடங்களில் இன்னும் பெரிய செய்திகள் இருந்தன. வெகு தூரத்து நிலையங்களில் அலைகள் எதிர்பார்த்ததைவிடப் பிந்தி வந்ததைப் பார்த்து, பூமிக்கு நடுவே ஒரு கரு இருக்கிறது என்று 1906-ல் ஓல்டம் சொன்னார். அது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று பீனோ குட்டன்பெர்க் சில ஆண்டுகளில் கணக்கிட்டார். அதற்குக் கீழே எஸ் அலைகள் நேரே கடந்து போகவில்லை. அங்கே திரவம் இருப்பதால்தான்.

டென்மார்க்கின் இங்கே லேமன் இன்னும் உள்ளே போனார். 1929-ல் நியூசிலாந்தின் மர்ச்சிசன் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய நேர் எதிர்ப்புறம். கரு நிழல் விழுத்துவதால் பி அலையே வரக்கூடாத தொலைவுகளில் சன்னமான அலைகள் பதிவாகியிருந்தன. கணினி இல்லாத காலம். புல்தரையில் மேசை போட்டு உட்கார்ந்து, நிலையங்களின் நேரங்களை அட்டைகளில் எழுதி, ஓட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளில் அவற்றை வரிசைப்படுத்தி அவர் வேலை செய்ததை உறவினர் ஒருவர் நினைவுகூர்ந்திருக்கிறார். திரவக் கருவுக்குள்ளே இன்னொரு கரு உண்டு, அந்த அலைகள் அதில் பட்டுத் திரும்பியவை என்று 1936-ல் அவர் எழுதினார்.

ஊகம், மிச்சம், திருத்தம்

ஆரம்பத்தில் சொன்ன சிக்கலுக்கு இப்போது வருவோம். அட்டவணை வேண்டும் என்றால் இடம் தெரிந்த நிலநடுக்கங்கள் வேண்டும். இடம் வேண்டும் என்றால் அட்டவணை வேண்டும். எதில் தொடங்குவது?

கோட்டிங்கனில் இருந்த லுட்விக் கைகர் 1910-ல் ஒரு வழி சொன்னார். ஏதோ ஓர் இடத்தையும் நேரத்தையும் ஊகித்துக்கொள். அட்டவணைப்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் அலை எப்போது வந்திருக்க வேண்டும் என்று கணக்கிடு. உண்மையில் வந்த நேரத்திலிருந்து அதைக் கழி. கிடைப்பது மிச்சம். ஒரு பக்கத்து நிலையங்கள் எல்லாவற்றிலும் அலை முந்தி வந்து, எதிர்ப்பக்கத்து நிலையங்களில் பிந்தி வந்திருந்தால், முந்தி வந்த பக்கமாக மையத்தை நகர்த்து. எல்லா இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் தொடங்கிய நேரத்தை மாற்று. மறுபடி கணக்கிடு. மிச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை இதற்கு மேல் குறையாது என்ற இடத்தில் நிறுத்து. அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், நேரம் ஆகிய நாலையும் இந்த வழி ஒரேயடியாகத் தேடுகிறது. கையால் போட்டால் ஒரு நிலநடுக்கத்துக்கே பொழுது போய்விடும் என்பதால், கணினிகள் வந்த 1960-களில்தான் கைகரின் வழி அன்றாட வேலையானது. இன்று கைப்பேசியில் வரும் ஒவ்வொரு நிலநடுக்க அறிவிப்பின் பின்னாலும் இந்த ஊகம்–மிச்சம்–திருத்தச் சுழற்சியின் ஏதோ ஒரு வடிவம் ஓடியிருக்கும்.

கேம்பிரிட்ஜில் ஹெரால்டு ஜெஃப்ரீஸும் நியூசிலாந்திலிருந்து அங்கே போன கீத் புல்லனும் செய்ததும் இதே சுழற்சிதான், இன்னும் பெரிய அளவில். உலக நிலையங்களின் பதிவுகளை எடுத்து, பழைய அட்டவணையை வைத்து நிலநடுக்கங்களின் இடங்களைத் திருத்தினார்கள். திருத்திய இடங்களை வைத்து அட்டவணையைத் திருத்தினார்கள். பிறகு மறுபடியும் இடங்கள், மறுபடியும் அட்டவணை. 1940-ல் வெளியான அவர்களது அட்டவணை இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை பயன்பட்டது. கையால் போட்ட கணக்கு, இருபது நிமிடப் பயணத்தில் சில நொடிதான் விலகியிருந்தது.

தெரிந்த இடத்தில் ஒரு வெடிப்பு

இந்தச் சுழற்சி சரியான இடத்தில்தான் போய் நிற்கிறதா? சோதிக்க ஒரே வழி, இடமும் நேரமும் முன்பே தெரிந்த அதிர்வு ஒன்று வேண்டும். அது அணுகுண்டு ரூபத்தில் கிடைத்தது. 1963-ல் அணுச் சோதனைகளுக்கு ஓரளவு தடை வந்து, வெடிப்புகள் தரைக்கடியில் போயின. யார் எங்கே வெடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அந்தத் தடைக்கு முன்பே தொடங்கி, அமெரிக்கா உலகெங்கும் சுமார் 120 நிலையங்களுக்கு ஒரே மாதிரிக் கருவிகளைக் கொடுத்தது. கொடைக்கானலும் அதில் ஒன்று. ராணுவத் தேவையால் வந்த வலையமைப்பு, நிலநடுக்கவியலுக்கு அதுவரை இல்லாத ஒழுங்கைக் கொண்டுவந்தது.

1965 அக்டோபர் 29 அன்று அலூஷியன் தீவுகளில் ஒன்றான ஆம்சிட்காவில், தரைக்குச் சுமார் 700 மீட்டர் கீழே, அமெரிக்கா 80 கிலோடன் குண்டு ஒன்றை வெடித்தது. லாங்ஷாட் என்று பெயர். நிலநடுக்கத்தையும் வெடிப்பையும் பிரித்தறிவதைச் சோதிக்கவே செய்தது. இடம் துல்லியமாகத் தெரியும், நேரமும் தெரியும். உலகெங்கும் பதிவாயிற்று. அந்தப் பதிவுகளை வைத்து வழக்கமான முறையில் கணக்குப் போட்டபோது வந்த இடம், உண்மையான இடத்துக்கு வடக்கே இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்தது.

கருவியிலோ கடிகாரத்திலோ கணக்கிலோ பிழை இல்லை. அட்டவணை பூமியை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறது. அலூஷியன் தீவுகளுக்கு அடியிலோ பசிபிக் தட்டு வடக்கு நோக்கிச் சரிந்து கவசத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ள பாறையைவிட அது குளிர்ந்தது. குளிர்ந்த பாறையில் அலை வேகமாகப் போகும். அந்தத் தட்டின் வழியே இறங்கி வடக்கே போன அலைகள் அட்டவணை சொன்னதைவிட முந்திப் போய்ச் சேர்ந்தன. முந்தி வந்த பக்கமாக மையத்தை நகர்த்து என்ற கைகரின் விதி, விசுவாசமாக அதை வடக்கே நகர்த்திவிட்டது. நிலையங்களைக் கூட்டினாலும் இந்தப் பிசகு போகாது. ஆனால் பிசகு இங்கே வீணாகவில்லை. உலகெங்கும் இத்தகைய மிச்சங்களைத் திரட்டித்தான், மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போல, பூமிக்குள் எங்கே குளிர்ந்த தட்டு இறங்குகிறது, எங்கே சூடான பாறை இருக்கிறது என்று இன்று படம் எடுக்கிறார்கள்.

ஆழம் 10 கிலோமீட்டர்

செய்திகளில் ஆழம் என்ற இடத்தில் 10 கிலோமீட்டர் என்ற எண் அடிக்கடி வருவதைக் கவனித்திருக்கலாம். அத்தனை நிலநடுக்கங்களும் சொல்லிவைத்தாற்போல் அதே ஆழத்தில் பிறப்பதில்லை. நாலு எண்களில் ஆழம்தான் பிடிபடாதது. நிலையம் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், குவியம், அதாவது தரைக்கடியில் அதிர்வு பிறந்த இடம், 5 கிலோமீட்டர் கீழே இருந்தாலும் 15 கிலோமீட்டர் கீழே இருந்தாலும் அலை வரும் நேரம் மிகச் சொற்பமே மாறும். அந்தச் சொற்ப மாற்றத்தைத் தொடங்கிய நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தே சரிக்கட்டிவிடலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே, பதிவுகளிலிருந்து ஆழம் தெளிவாகத் தெரியாத ஆழமற்ற நிலநடுக்கங்களுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 10 என்று வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் தேடுகிறது. முன்பு 33 என்று வைப்பார்கள். அந்த எண் அளந்து வந்ததல்ல, வைத்துக்கொண்டது.

நேர் மேலே ஒரு கருவி இருந்தால் ஆழம் உடனே தெரிந்துவிடும். அந்த அதிர்ஷ்டம் இல்லாதபோது தூரத்து நிலையங்களில் ஓர் உபாயம் உண்டு. குவியத்திலிருந்து ஒரு பி அலை நேரே கிளம்புகிறது. இன்னொன்று முதலில் மேலே போய்த் தரையில் மோதித் திரும்பி, அதே பாதையைப் பின்தொடர்கிறது. தாமதம் எவ்வளவோ, அவ்வளவு ஆழம். நேரத்திலிருந்து இடத்தை எடுக்கும் அதே வித்தைதான். தூரம் மட்டும் செங்குத்தாக இருக்கிறது.

புள்ளி சொல்லாதது

2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடிக்குச் சுமத்ராவின் வடமேற்கே, சிமலூ தீவுக்கு அருகே கடலடிப் பாறை பிளக்கத் தொடங்கியது. அங்கிருந்து சென்னை சுமார் 2,000 கிலோமீட்டர். அட்டவணைப்படி பார்த்தால், பி அலை நாலேகால் நிமிடத்தில் சென்னைத் தரைக்கு வந்துவிட்டது. சுனாமி தமிழ்நாட்டுக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

இடத்தைக் கண்டுபிடிப்பதில் தாமதம் இல்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் 15 நிமிடத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. மையம் ஏறக்குறையச் சரி. அளவு 8.0 என்று சொன்னது. ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்று திருத்தியது. கடைசியில் அது 9.1. இந்தியப் பெருங்கடலில் யாருக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் அவர்கள் கரையில் இருப்போருக்கு எப்படிச் சொல்வார்கள் என்ற ஏற்பாடு எதுவும் அன்று இல்லை. அது நிர்வாகத்தின் குறை. கணக்கிலும் ஒரு குறை இருந்தது. நாம் இவ்வளவு நேரம் தேடிய மையம் என்பது பாறை பிளக்கத் தொடங்கிய புள்ளி மட்டுமே. அன்றைக்கு அந்தப் பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் என்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்க எட்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நீளத்துக்கும் கடலடி தூக்கப்பட்டதால்தான் மேற்கே இருந்த இலங்கையும் தமிழகமும் அலைக்கு நேர் எதிரே அகப்பட்டன. படத்தில் வைத்த ஒற்றைப் புள்ளி இதைச் சொல்லாது.

நேரங்களைக் கொண்டே அதையும் பிறகு எடுத்தார்கள். ஜப்பானில் சுமார் 700 கருவிகள் நெருக்கமாக அமைந்த ஹை-நெட் வலையமைப்பின் பதிவுகளை மியாக்கி இஷியும் குழுவினரும் எடுத்துக்கொண்டு, இந்த நொடியில் வந்த ஆட்டம் பிளவின் எந்தப் பகுதியிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். ஒரு புள்ளிக்குப் பதில் நகரும் புள்ளி கிடைத்தது. பிளவு நொடிக்கு 2.8 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே ஓடியது தெரிந்தது. 2005-ல் இது வெளியானது. வேகமாகச் செய்ய முடிந்தால் எச்சரிக்கைக்கே உதவும் வழி இது.

2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நிலநடுக்கம் வந்து, சென்னையில் அலுவலகங்கள் காலியானபோது, பத்து நிமிடத்துக்குள் அந்த மையத்தின் அறிக்கை வந்துவிட்டது. பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை.

வேகமான பதிலும் கடைசிப் பதிலும் வேறு வேறு. நிமிடங்களில் வரும் இடம், அதற்குள் பதில் அனுப்பிய நிலையங்களை மட்டும் வைத்துப் போட்டது. கடலில் பிறக்கும் நிலநடுக்கத்துக்கு நிலையங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கரையில்தான் இருக்கும். அந்தத் திசையில் தூரம் தடுமாறும். மணிக்கணக்கில் மேலும் பதிவுகள் சேர இடம் சில கிலோமீட்டர் நகரும். இங்கிலாந்தில் உள்ள சர்வதேச நிலநடுக்கவியல் மையம் உலகெங்குமிருந்து வரும் நேரக் குறிப்புகளைச் சேர்த்து, ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்த பட்டியலை ஏறத்தாழ இரண்டாண்டு கழித்து வெளியிடுகிறது. அதிலும் ஒவ்வொரு மையத்தோடும் ஒரு நீள்வட்டத்தின் அளவுகள் இருக்கும்: உண்மை இதற்குள் எங்கோ இருக்கலாம் என்று. அந்தப் பட்டியலின் மிச்சங்களை எடுத்துத்தான் அடுத்த அட்டவணையைத் திருத்துகிறார்கள். இன்றைக்கு நடுங்கிய இடம் எது என்ற கேள்விக்கு வரும் விடை, நாளைக்கு நடுங்கும் இடத்தை இன்னும் கொஞ்சம் சரியாகச் சொல்வதற்கான அளவுகோலாகவும் ஆகிறது.